சின்னக் குழந்தையோடு காரில் குறும் பயணம்: வழியில் ஏதாவது ஆனால் எதை முதலில் செய்வது?

இரண்டு மூன்று மணி நேரப் பயணம்தான். காலையில் போய் மாலையில் திரும்பலாம், இல்லை ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம். நீண்ட பயணத்துக்குப் பட்டியல் போட்டு மூட்டை கட்டுகிறவர்கள்கூட இதற்கு மட்டும் ‘பக்கத்திலேதானே’ என்று கையை வீசிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வாந்தியோ பஞ்சரோ தூரத்தைப் பார்த்து வருவதில்லை.

கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளோடு காரில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகப் பிள்ளையோடு கிளம்புகிறவர்களைக் கவனித்தால், அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும், ஆனால் மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்வார்கள். அதனால் ஒவ்வொரு படியிலும் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் பதற்றத்திலும் வரிசை மறக்காது.

1. முந்தைய நாளே வண்டியைப் பாருங்கள்

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். குழந்தை எழுந்துவிட்டால் வண்டிப் பக்கம் போகவே முடியாது.

முதலில் டயர் காற்று. ஸ்டெப்னியையும் சேர்த்து எல்லா டயரிலும் பாருங்கள். வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடாகி, காற்றழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். எல்லோரும் மறப்பது ஸ்டெப்னியைத்தான். சில புதிய கார்களில் ஸ்டெப்னியே இருக்காது, பஞ்சர் ஒட்டும் திரவமும் சின்ன காற்றடிக்கும் கருவியும்தான் கொடுத்திருப்பார்கள். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதை நடுவழியில் கண்டுபிடிக்கக் கூடாது.

அடுத்து, பின் கதவுகளின் சைல்டு லாக். போட்டால் மட்டும் போதாது. பின் சீட்டில் நீங்களே உட்கார்ந்து, கதவைச் சாத்தி, உள்ளிருந்து திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது. பின் ஜன்னல்களை ஓட்டுநர் பக்கத்திலிருந்து பூட்டும் பொத்தானையும் போட்டுவிடுங்கள். ஏறும் கண்ணாடியில் விரல் மாட்டுவது ஒரு நொடி வேலை.

சாவி. ரிமோட்டின் பேட்டரி பலவீனமாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றுச் சாவி இருந்தால் அதை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டுப் போகாமல் கூட வரும் இன்னொரு பெரியவரின் சட்டைப் பையில் போடச் சொல்லுங்கள். கைப்பையில் வேண்டாம், கைப்பை காருக்குள்ளேயே கிடக்கும். இதன் அருமை 11ஆம் படியில் தெரியும்.

கடைசியாக, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் கிடப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். சட்டென்று பிரேக் போட்டால் அவை முன்னோக்கிப் பறக்கும். வழியில் இருப்பது குழந்தையின் தலை.

2. குழந்தை இருக்கையை அசைத்துப் பாருங்கள்

மடியில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. மோதலின்போது வண்டி நிற்கும், குழந்தை அதே வேகத்தில் முன்னோக்கிப் போகும். அந்த விசையை எந்தப் பெரியவருடைய கையாலும் தாங்கிப் பிடிக்க முடியாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

இருக்கையின் உயர, எடை வரம்பு முடியும் வரை குழந்தை பின்னோக்கியே, அதாவது காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே உட்காரட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரையும் இதுதான். சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம், கழுத்து பலவீனம். பின்னோக்கி இருக்கும்போது மோதலின் விசையை இருக்கையின் முதுகுப் பக்கம் முழுவதும் வாங்கிக்கொள்ளும், கழுத்து தனியாகத் தாங்க வேண்டியதில்லை. பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் ஏர்பேக் நேராக இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும்.

பொருத்தியபின் காரின் பெல்ட் இருக்கைக்குள் நுழையும் இடத்தைப் பிடித்து அசையுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் அசைந்தால் தளர்வு. மேல்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது தப்பான சோதனை, அது எப்போதும் கொஞ்சம் ஆடும்.

இருக்கையில் குழந்தையைக் கட்டும் பட்டையைத் தோள் அருகே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையைப் போடுங்கள். மோதலில் ஜாக்கெட்டின் பஞ்சு அமுங்கி, இறுக்கமாக இருந்த பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். குளிர் என்றால் பட்டைக்கு மேலே போர்வையைப் போர்த்தலாம்.

கைக்குழந்தையை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் வைக்க வேண்டாம். அரைகுறையாகச் சாய்ந்த நிலையில் தலை முன்னால் தொங்கி மூச்சுப்பாதை குறுகலாம். தூங்குகிறதே, எழுப்புவானேன் என்று இறங்கிய இடத்திலும் அதே இருக்கையில் விட்டுவிடுவதும் இதே காரணத்தால் தவறு. சமமான படுக்கைக்கு மாற்றுங்கள்.

3. பை ஒன்று அல்ல, இரண்டு

டிக்கியில் ஒரு பை, கைக்கெட்டும் இடத்தில் ஒரு பை. வாந்தி வழியும் குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு டிக்கியில் மூன்று பெட்டிக்கு அடியில் இருக்கும் சட்டையை எடுக்க முடியாது.

கைக்கெட்டும் பையில் தனித்தனி ஜிப் கவர்கள் போடுங்கள். ஒவ்வொரு கவரிலும் ஒரு முழு மாற்று: சட்டை, பேண்ட், டயாபர், கொஞ்சம் வெட் வைப்ஸ். இப்படி இரண்டு மூன்று கவர். எல்லாச் சட்டையும் ஒரு கவரில், எல்லா டயாபரும் ஒரு கவரில் என்று அடுக்குவது வீட்டு அலமாரிக்குச் சரி, வழியில் உதவாது. ஒரே கையால் ஒரே கவரை எடுத்தால் வேலை முடிய வேண்டும். அழுக்குத் துணி அதே கவருக்குள் போய்விடும், நாற்றமும் அடங்கும்.

இதோடு தண்ணீர், வாந்திக்குப் பைகள், பழைய துண்டு இரண்டு, ஓஆர்எஸ் பொட்டலம், மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த காய்ச்சல் மருந்தும் அதன் அளவுக் கரண்டியும், பேண்டேஜ், டார்ச், பவர் பேங்க். பெரியவருக்கும் ஒரு மேல்சட்டை. இதை யாரும் எடுப்பதில்லை. குழந்தை வாந்தி எடுப்பது தூக்கிக்கொண்டவர் மேல்தான்.

டிக்கியைப் பொறுத்தவரை ஒரே விதி: ஜாக்கியும் எச்சரிக்கை முக்கோணமும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மூட்டைகளை அடுக்குங்கள்.

4. வயிறும் நேரமும்

வயிறு முட்ட ஊட்டிவிட்டுக் கிளம்பினாலும் குமட்டும், பட்டினியாகக் கிளம்பினாலும் குமட்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எண்ணெயில்லாத எளிய உணவு, கொஞ்சமாக. கிளம்பும் நேரத்தில் பால் புட்டியை முழுதாகக் கொடுத்து அமைதிப்படுத்துவது பலர் செய்வது. அந்தப் பால் அரை மணியில் திரும்ப வரும்.

முடிந்தால் குழந்தை தூங்கும் நேரத்தை ஒட்டிக் கிளம்புங்கள். தூங்கும் குழந்தைக்குக் குமட்டல் குறைவு. ஆனால் ஓட்டுநரின் தூக்க நேரத்தை வெட்டி அதைச் செய்யாதீர்கள். குழந்தை தூங்குகிறது என்பதற்காக அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால், கண் சொக்குவது ஸ்டியரிங் பிடித்தவருக்கு.

குமட்டல் மருந்து கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுத்தான். இரண்டு வயதுக்குக் கீழே சொந்தமாகக் கொடுக்கவே கூடாது. அந்த மருந்துகள் கிளம்புவதற்கு முன்பே உள்ளே போனால்தான் பலன், வாந்தி தொடங்கியபின் பெரிதாக உதவாது. சில பிள்ளைகளுக்கு அவை தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைக் கொடுக்கும், அதனால் முதல் முறையாகப் பயணத்தன்றே கொடுத்துப் பார்க்காதீர்கள்.

போய்ச் சேரும் நேரத்தைப் பற்றி ஒன்று. இரண்டு மணி நேர வழி என்றால் மூன்றரை மணி நேரம் என்றே உறவினர்களிடம் சொல்லுங்கள். ‘எங்கே இருக்கீங்க’ என்ற போன் வர ஆரம்பித்துவிட்டால் ஓட்டுநர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த மாட்டார்.

5. எது நடந்தாலும் இந்த வரிசை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

பின்னால் ஏதோ சத்தம். வாந்தியோ, அலறலோ, பொம்மை விழுந்ததோ. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பார். 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். இரண்டு நொடி திரும்பினால் 44 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். சட்டை நாறியது என்பதற்காக உயிரைப் பணயம் வைப்பது இது.

வரிசை இப்படி. ஓட்டுநர் திரும்புவதில்லை, வாயால் மட்டும் பேசுகிறார். இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்துகிறார். வளைவிலோ பாலத்திலோ வேகச் சாலையின் ஓரத்திலோ நிறுத்தாமல், இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினால் நல்ல இடம் வரும் என்றால் அங்கே. வாந்தி இரண்டு நிமிடம் காத்திருக்கும். கைப் பிரேக், நான்கு இண்டிகேட்டரும் ஒளிர ஹசார்டு விளக்கு, சாவி சட்டைப் பைக்குள். வாகனங்கள் ஓடாத பக்கத்துக் கதவு வழியாக இறங்குதல். அப்புறம் குழந்தை. அதற்கும் பிறகுதான் அழுக்கு.

உடனே நிறுத்தியே ஆக வேண்டியவை என்று பார்த்தால் சில மட்டுமே: தொண்டை அடைப்பு, மூச்சு, வலிப்பு, குழந்தை பட்டையைக் கழற்றிவிட்டது, பிரேக் மிதிக்குக் கீழே ஏதோ உருண்டுவிட்டது. தண்ணீர்ப் பாட்டில் உருண்டு மிதிக்கு அடியில் போனால் பிரேக் அழுந்தாது. மீதி எல்லாம் நல்ல இடம் வரும் வரை பொறுக்கும்.

இரண்டு பெரியவர்கள் இருந்தால், யார் குழந்தை, யார் சாலை என்று கிளம்பும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தை உங்கள் பொறுப்பு என்பதற்காக ஓடும் வண்டியில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் தாவக் கூடாது. தொடக்கத்திலேயே பின் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம்.

6. வாந்தி

காதின் உட்பகுதி ‘நகர்கிறோம்’ என்று சொல்கிறது, முன் சீட்டின் முதுகையோ போன் திரையையோ பார்க்கும் கண் ‘நகரவில்லை’ என்று சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் குமட்டல் இது. எனவே கண்ணைச் சாலைக்குத் திருப்புவதுதான் பாதி வைத்தியம். குழந்தையை அமைதியாக்கப் போனைக் கொடுப்பது இந்த இடத்தில் எதிர்வேலை செய்யும்.

இரண்டு வயதுக்குக் கீழே பயணக் குமட்டல் அரிது. கைக்குழந்தை வாந்தி எடுத்தால் அளவுக்கு மீறிய பாலோ, வேறு உடல்நலக் குறைவோ காரணமாக இருக்கலாம் என்று யோசியுங்கள்.

அறிகுறி முன்பே தெரியும். வாயாடிக் குழந்தை திடீரென்று அமைதியாகும். கொட்டாவி, வெளுத்த முகம், நெற்றியில் வியர்வை, எச்சில் ஊறுதல். ‘வயிறு வலிக்குது’ என்று சொன்னால் பல பிள்ளைகளுக்கு அது குமட்டல்தான். இந்தக் கட்டத்தில் ஜன்னலைத் திறந்து, திரையை அணைத்து, தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லி, நிறுத்த இடம் தேடினால் பாதி நேரம் தப்பித்துவிடலாம்.

வந்துவிட்டதா? சரி, நிறுத்தியபின் இந்த வரிசையில் போங்கள். முதலில் வாயும் மூக்கும். முன்னோக்கி உட்கார்ந்திருந்தால் தலையைக் குனிய வையுங்கள், பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். வாய்க்கு வந்தது மூச்சுக்குழாய்ப் பக்கம் போகக் கூடாது என்பதற்காக. அடுத்துப் பட்டையைக் கழற்றி வெளியே எடுத்து உடை மாற்றுங்கள். இருக்கையைத் துடைப்பது கடைசி. குழந்தை நனைந்து நடுங்கிக்கொண்டிருக்க, சீட் உறையைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

இருக்கையில் முக்கியமாகத் துடைக்க வேண்டியது பட்டையைப் பூட்டும் பக்கிள். வாந்தி அதற்குள் இறங்கிக் காய்ந்தால் நாக்கு சரியாக மாட்டாது, அல்லது கழற்ற வராது. ஈரத்துணியால் துடைத்து, இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றி, ‘க்ளிக்’ சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

குடிக்கக் கொடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. வாந்தி எடுத்த குழந்தை தாகத்தில் பாட்டிலைப் பிடுங்கும், நாமும் பாவம் என்று விடுவோம், ஐந்து நிமிடத்தில் அத்தனையும் வெளியே வரும். பத்து நிமிடம் பொறுத்து, ஒரு தேக்கரண்டி. சில நிமிடம் கழித்து இன்னொன்று. தங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நாற்றம் போக வாசனைத் திரவியம் அடிக்காதீர்கள், அந்த வாசனையே அடுத்த வாந்தியை வரவழைக்கும். ஜன்னலைத் திறங்கள், போதும்.

வண்டி நின்று நெடுநேரம் ஆகியும் வாந்தி நிற்கவில்லை, பச்சையாகவோ இரத்தம் கலந்தோ வருகிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் பயணத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

7. டயாபர், சிறுநீர்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும் கடைசி நிமிடத்தில் புது டயாபர். சிறுநீர் சொல்லத் தெரிந்த பிள்ளை ‘வரலை’ என்று சொன்னாலும் ஒரு முறை உட்கார வையுங்கள். இருக்கை நனையக் கூடாது என்று தடித்த மெத்தையோ மடித்த துண்டோ குழந்தைக்கு அடியில் போடாதீர்கள். பட்டையின் இறுக்கம் கெட்டுவிடும். இருக்கையோடு வந்த அல்லது அதற்கென்றே அந்த நிறுவனம் விற்கும் விரிப்பு மட்டும் சரி.

8. அழுகை, பட்டையைக் கழற்றும் கைகள், உள்ளே புகுந்த பூச்சி

அழுகை மட்டும் என்றால் அடுத்த நல்ல நிறுத்தம் வரை போகலாம். நின்றதும் பார்க்க வேண்டியவை: முகத்தில் வெயில் விழுகிறதா, பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறதா, முதுகுக்குக் கீழே பொம்மை குத்துகிறதா, டயாபர் நனைந்திருக்கிறதா. பசி அதற்குப் பிறகு. பலர் முதலில் தின்பண்டத்தைத் திணிப்பார்கள். அழும் வாயில் உணவு தொண்டை அடைப்புக்கு நேர்வழி.

பட்டையைக் கழற்றப் பழகிய பிள்ளைக்கு ஒரே மருந்து, ஒவ்வொரு முறையும் நிறுத்துவது. திட்டாமல், கெஞ்சாமல் நிறுத்தி, மாட்டி, அப்புறம் கிளம்புங்கள். மாட்டினால்தான் வண்டி ஓடும் என்று புரிந்துவிட்டால் விளையாட்டு சலித்துவிடும். பக்கிளை மூடிவைக்கும் தனிக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவசரத்தில் மீட்க வருகிறவருக்கு அதைத் திறக்கத் தெரிய வேண்டுமே.

தேனீயோ குளவியோ உள்ளே வந்தால் எல்லா ஜன்னலையும் திறந்து, நிதானமாக ஓரம் கட்டுங்கள். ஓட்டிக்கொண்டே துணியை வீசுவதுதான் ஆபத்து, பூச்சி அல்ல.

9. தொண்டையில் சிக்கினால்

ஓடும் வண்டியில் கொட்டைகள், பாப்கார்ன், முழுத் திராட்சை, கடினமான மிட்டாய் ஆகியவை வேண்டாம். நான்கு வயதுக்குக் கீழே இவை வீட்டிலேயே ஆபத்து, காரில் குலுங்கலும் சேர்கிறது. பின்னோக்கி இருக்கும் குழந்தையின் முகமும் நமக்குத் தெரியாது. தொண்டை அடைத்தால் சத்தமும் வராது.

பலமாக இருமுகிறது, அழுகிறது என்றால் இரும விடுங்கள், கிட்டே இருந்து கவனியுங்கள். சத்தம் வரவில்லை, மூச்சு வரவில்லை என்றால் வண்டி நின்ற அந்த நொடியே வெளியே எடுங்கள்.

ஒரு வயதுக்குக் கீழே: முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். ஒரு வயதுக்கு மேலே: முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேல்நோக்கி 5 அழுத்தம். பொருள் வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இன்னொருவர் அவசர உதவியை அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் உடனே மார்பு அழுத்தத்துடன் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாயால் மூச்சு ஊதும் உயிர்காப்பு முதலுதவி). கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். வயிற்றில் அழுத்தியிருந்தால், பொருள் வெளியே வந்துவிட்டாலும் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள்.

இதைப் படித்தால் மட்டும் கை வராது. ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி கிடைத்தால் போய்விட்டு வாருங்கள்.

10. பஞ்சர், வண்டிப் பழுது

இங்கே வரிசை தலைகீழாகும் ஆபத்து அதிகம். டயர் போனதும் ஆண்கள் இறங்கி டயரைப் பார்ப்பார்கள், குழந்தை உள்ளே இருக்கும். முதல் வேலை டயர் அல்ல, குழந்தையை எங்கே வைப்பது என்பது.

டயர் வெடித்தால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு, வேகம் தானாகக் குறைந்தபின் ஓரம் கட்டுங்கள். ரிம் நசுங்கினாலும் பரவாயில்லை, வளைவைத் தாண்டி நேரான இடத்தில் நிறுத்துங்கள்.

நின்றதும் ஹசார்டு விளக்கு. பிறகு எல்லோரும், குழந்தை உட்பட, வாகனங்கள் ஓடாத பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். பின்னால் வரும் வாகனம் மோதினால் உங்கள் கார் முன்னோக்கித்தான் பாயும். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், நடக்கத் தெரிந்தால் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரலைப் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடும். இறங்கவே முடியாத இடம் என்றால் எல்லோரும் பெல்ட் போட்டபடி உள்ளேயே இருந்து, அவசர உதவியை அழைக்க வேண்டியதுதான்.

சாதாரணச் சாலையில் எச்சரிக்கை முக்கோணத்தைச் சுமார் 45 மீட்டர் பின்னால் வையுங்கள். அதிவேகச் சாலையில் அதை வைக்க நடந்து போவதே ஆபத்து, அதை விட்டுவிடுங்கள். அங்கே டயர் மாற்றவும் முயல வேண்டாம், உதவியை அழையுங்கள்.

மாற்றுவதாக இருந்தால், தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், வண்டிக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. தூக்கியபின் தளர்த்தினால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிக வகை என்றால் அதன்மேல் எழுதியிருக்கும் வேக வரம்பைப் பாருங்கள், பெரும்பாலும் 80 கி.மீ. அதற்கு மேல் போகக் கூடாது.

எஞ்சின் சூடாகி நின்றிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், குழந்தையைப் பானெட் பக்கம் விடாதீர்கள். ஆற விடுங்கள்.

11. குழந்தை உள்ளே, சாவியும் உள்ளே

குழந்தையை மாட்டிவிட்டுச் சாவியைப் பின் சீட்டில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு ஓட்டுநர் பக்கம் வருவதற்குள் பூட்டிக்கொள்ளும். சில நேரம் சாவியை விளையாடக் கொடுத்த குழந்தையே பொத்தானை அழுத்திவிடும். சாவியைப் பொம்மையாகக் கொடுக்காதீர்கள், கடைசிக் கதவைச் சாத்தும்போது சாவி கையில் இருக்கட்டும்.

ஆகிவிட்டால் முதலில் எல்லாக் கதவையும் டிக்கியையும் இழுத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. மாற்றுச் சாவி கூட வந்தவரிடம் இருந்தால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் உடனே அவசர எண்ணை அழையுங்கள். 112 பல நாடுகளில் வேலை செய்யும், ஆனால் நீங்கள் போகும் இடத்தின் எண்ணை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பூட்டு திறக்கும் ஆளைத் தேடுவது அதற்குப் பிறகு.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மூடிய காருக்குள் சூடு ஏறுவது முதல் அரை மணியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. 2005இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் ஏற்றத்தின் 80 சதவீதம் முதல் 30 நிமிடத்தில் நிகழ்ந்தது. வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்தபோதும் உள்ளே 47 டிகிரி வரை போனது. ஜன்னலைச் சற்றே திறந்துவைத்ததும் பயன் தரவில்லை. குழந்தையின் உடம்பு பெரியவரைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். ‘அஞ்சு நிமிஷம்தானே’ என்று வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போவதற்கும் இதுவே பதில்.

குழந்தை வியர்த்துச் சிவந்தாலோ, துவண்டாலோ, வெயில் ஏறினாலோ காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு மிகத் தூரமாக உள்ள பக்கக் கண்ணாடியை, நடுவில் அல்ல, ஓரத்து மூலையில் கூரான கனமான பொருளால் அடியுங்கள். முன் கண்ணாடியை முயல வேண்டாம். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் ஒட்டியது, விரிசல் விடும், உதிராது. வெளியே எடுத்ததும் நிழல், உடையைத் தளர்த்துதல், ஈரத்துணி, விசிறல். மயக்கம், குழப்பம், வலிப்பு என்றால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

12. நிறுத்துமிடத்தில் குழந்தையைக் காணோம்

காலையில் கிளம்பும்போதே அன்றைய உடையோடு ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்பதே மறந்துவிடும். உங்கள் போன் எண்ணைக் கையில் எழுதியோ சட்டைக்குள் ஒட்டியோ விடலாம். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை போய்விடும்.

காணவில்லை என்றால் முதலில் ஆபத்தான இடங்கள்: சாலைப் பக்கம், தண்ணீர் உள்ள இடம், நின்று கிளம்பும் வண்டிகளின் பின்புறம். கழிப்பறையும் விளையாட்டுச் சாமானும் அப்புறம். ஒருவர் கடைசியாகக் குழந்தை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், குழந்தை பெரும்பாலும் அங்கேதான் திரும்பி வரும். பெயரோடு உடையின் நிறத்தையும் உயரத்தையும் உரக்கச் சொல்லுங்கள். பெயர் மட்டும் சுற்றியிருப்பவர்களுக்கு உதவாது.

13. அடி, நசுங்கல், சூடு

கதவில் விரல் நசுங்கினால் குளிர்ந்த தண்ணீர் அல்லது துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம். விரல் வளைந்திருந்தாலோ, அசைக்க முடியாவிட்டாலோ, நகம் பெயர்ந்திருந்தாலோ மருத்துவர்.

தலையில் அடிபட்டு உடனே அழுது, பிறகு வழக்கம்போல விளையாடினால் கவனித்துக்கொண்டே போகலாம். நினைவிழப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, காதிலோ மூக்கிலோ நீர் வடிதல் இருந்தால் போகலாமா என்ற யோசனையே வேண்டாம், உடனே மருத்துவமனை. காரில் இதில் ஒரு சிக்கல் உண்டு: அடிபட்ட குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிடும், அது களைப்பா மயக்கமா என்று முன் சீட்டிலிருந்து தெரியாது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வப்போது எழுப்பிப் பாருங்கள்.

வெயிலில் நின்ற காரில் பக்கிளின் உலோகம் சுடும். மாட்டும் முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள், நிறுத்தும்போது துணி போட்டு மூடுங்கள். சூடுபட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர். ஐஸும் பற்பசையும் வேண்டாம்.

14. லேசான மோதல்

குழந்தை சிரித்தாலும் இருக்கையைச் சும்மா விடக் கூடாது. மோதலைத் தாங்கிய இருக்கை வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். நடுத்தர அல்லது பெரிய மோதல் என்றால் மாற்றியே ஆக வேண்டும். மிக லேசானது என்றால் அதன் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். சில நிறுவனங்கள் எந்த மோதலுக்குப் பிறகும் மாற்றச் சொல்கின்றன. பழைய இருக்கையை வாங்குவது ஆபத்து என்பதும் இதனால்தான், அதன் கதை உங்களுக்குத் தெரியாது.

15. தொடர்வதா, திரும்புவதா

அழுக்கு மட்டும் என்றால் தொடரலாம். உடம்பு என்றால் யோசியுங்கள். காய்ச்சலில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் என்றாலே உடனே மருத்துவர், வீட்டுக்குத் திரும்பும் கேள்விகூட இல்லை. பெரிய பிள்ளைக்கு வாந்தி இரண்டு மூன்று முறை வந்து, நின்றபிறகும் முகம் தெளியவில்லை என்றால், மீதி வழி குறைவா வந்த வழி குறைவா என்று பார்த்து எது கிட்டவோ அங்கே போங்கள். ஒரே ஸ்டெப்னியையும் மாட்டியாகிவிட்டது என்றால் முதலில் பஞ்சர் ஒட்டும் இடம், அதற்குப் பிறகு ஊர்.

முடிவெடுக்கும் உரிமை ஓட்டுநருக்கு மட்டும் இருக்க வேண்டாம். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ என்று தோன்றுவது பெரும்பாலும் ஸ்டியரிங் பிடித்தவருக்குத்தான். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வதே நடக்கட்டும்.

16. வீடு வந்ததும்

குழந்தையைப் படுக்கவைத்த அன்றிரவே கைக்கெட்டும் பையை மறுபடி நிரப்பிவிடுங்கள். நாளைக்கு என்றால் அது அடுத்த பயணத்தன்று காலையில்தான் நடக்கும். பஞ்சரான டயரை மறுநாளே சரி செய்யுங்கள்.

இருக்கையின் துணி உறையைக் கையேட்டில் சொன்னபடி கழற்றித் துவைக்கலாம். பட்டைகளை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடவோ, வாஷிங் மெஷினில் போடவோ, பிளீச் தடவவோ வேண்டாம். பட்டையின் நூல் வலுவிழக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய விடுங்கள், பக்கிளை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். உறையை மாட்டியபின் பட்டை முறுக்கிக்கொள்ளாமல் சரியான துளை வழியாக வருகிறதா என்று பாருங்கள். துவைத்து மாட்டிய இருக்கையில் இந்தத் தவறு சர்வசாதாரணம். மறுபடி காரில் பொருத்தியதும் பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.